நகைக்கு நாம் தந்த இடம்: சுகுமார் ராயை முன்வைத்து

இம்மலருக்குக் கட்டுரை தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது, நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு அவர் சற்றே வியந்தார். காப்பியம், சிற்றிலக்கியம், இசுலாமியத் தமிழ் இலக்கியம் எனப் பெரும்பொருள்கள் பல காத்திருக்க, குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்கென்றே பாடிய வங்கக் கவிஞர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தால் வியப்பு எழுதல் இயல்பே. எனக்கு வங்கமொழி தெரியாது. சுகாந்த சௌத்ரியின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சத்யஜித் ராயின் மொழிபெயர்ப்பையும் துணையாகக் கொண்டு, வங்கமொழி அறிந்த நண்பர் ஒருவர் வாயால் சில பாடல்களின் ஓசையைக் கேட்டு அறிந்ததே என் அறிவு. அவ்வளவை வைத்துக்கொண்டு எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அது என் பிழையிலிருந்து பிறந்த காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் ஆய்வேட்டுக்குரிய தலைப்போடு என்னிடம் வந்தார். ‘குழந்தைப் பாடல்களில் நகைச்சுவை’ என்பது தலைப்பு. நான் தாளைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். “குழந்தைப் பாட்டில் ஆய்வதற்கு என்னம்மா இருக்கிறது? வெயிட்டான பொருளாக ஒன்று எடுத்துக்கொள்” என்றேன். “நல்லது ஐயா” என்றார் அவர். சீறாப்புராணத்து உவமைகளைப் பற்றி எழுதி முதல் வகுப்பில் தேறினார். சீறாப்புராணம் ஆய்வதற்குரிய பெருநூல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நூறு பேர் ஆய்ந்த நூலை நூற்றோராவது பேராக ஆயச் சொன்ன நான், எவரும் தொடாத ஒன்றைத் தொட வந்த கையைத் தட்டிவிட்டேன். அப்போது இது எனக்கு விளங்கவில்லை. பின்னர் சுகுமார் ராயின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

சுகுமார் ராய் 1887ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், இசையறிஞர். எல்லாவற்றுக்கும் மேலாக அச்சுக்கலை வல்லுநர். புகைப்படத்தை நுண்புள்ளிகளாக்கி அச்சிடும் ஆஃப்டோன் முறையில் அவர் செய்த ஆய்வுகள் இங்கிலாந்தின் அச்சுத்தொழில் ஏடுகளில் வெளிவந்தன. தமக்கையர் சுகலதாவும், தங்கை புண்யலதாவும், சிற்றப்பன் மகள் லீலா மஜும்தாரும் குழந்தைகளுக்கு எழுதிப் பெயர் பெற்றனர். ஒரு குடும்பமே குழந்தைகளுக்கு எழுதுவதைத் தலைமேற்கொண்ட பணியாகக் கருதி வாழ்ந்தது. நம் நாட்டில் இஃது அரிய காட்சி.

சுகுமார் படித்தது இலக்கியம் அன்று. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்று 1906இல் பட்டம் பெற்றார். உதவித்தொகை பெற்று 1911இல் இங்கிலாந்து சென்றார். இலண்டனிலும் மான்செஸ்டரிலும் ஒளிப்பட அச்சுக்கலையைக் கற்றார். பித்தன் பேச்சுப் போலத் தோன்றும் பாடல்களைப் பாடியவர், எழுத்தின் அளவையும் மையின் அடர்த்தியையும் நுண்கணக்காகக் கணித்த அறிவியலாளர் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது. ஒழுங்கை முற்றக் கற்றவனுக்கே ஒழுங்கைக் குலைத்துக் காட்டும் உரிமையும் திறமும் வாய்க்கின்றன. இலக்கணம் அறியாதவன் செய்வது பிழை. அறிந்தவன் செய்வது விளையாட்டு.

இங்கிலாந்து செல்வதற்கு முன்பே அவர் வீட்டாரையும் நண்பரையும் சேர்த்து ‘நான்சென்ஸ் கிளப்’ என்றொரு கழகம் நிறுவினார்; அதற்கு ஒரு கையெழுத்து ஏடு; கழகத்தார் நடிப்பதற்கு அவரே எழுதிய நாடகங்கள். பின்னாளில் அறிஞர் பலர் கூடிய திங்கட்கிழமைக் கழகம் ஒன்றையும் நடத்தினார். ‘மண்டே’ என்னும் ஆங்கிலச் சொல்லை ‘மண்டா’ என்னும் வங்கத்து இனிப்புப் பண்டத்தோடு இணைத்து அதற்கும் ஒரு கேலிப்பெயர் சூட்டினார்கள். பெரிய பொருள்களை விவாதிக்கும் அவையிலும் இனிப்பு உண்டு என்பது இதன் குறிப்பு. நம் கருத்தரங்குகளில் பிஸ்கட்டும் தேநீரும் தவறாமல் வருகின்றன, சிரிப்புத்தான் வருவதில்லை.

தந்தையார் 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், வங்கத்தின் புகழ்பெற்ற பால் இனிப்பு என்றும் பொருள். நம் தூது இலக்கியத்தை வடமொழியார் ‘சந்தேச காவியம்’ என்பர், அதே சொல். சொல்வது இனிக்கவும் வேண்டும், செய்தியாகவும் இருக்க வேண்டும் என்னும் இதழ்க் கொள்கை பெயரிலேயே அடங்கிவிட்டது. 1915இல் தந்தையார் மறையவே அச்சகத்தின் சுமையும் இதழின் சுமையும் மகன் தோளில் ஏறின. அடுத்த எட்டு ஆண்டுகளில் கவிதை, கதை, நாடகம், அறிவியற் கட்டுரை எல்லாவற்றையும் சுகுமாரே எழுதினார். படங்களையும் அவரே வரைந்தார். இன்று நாம் போற்றும் பாடல்களிற் பெரும்பாலானவை திங்கள்தோறும் இதழின் பக்கத்தை நிரப்ப எழுந்தவை. ஒரு தொழிலாளி நாள்தோறும் தறியில் அமர்வது போன்றது அவர் கவிதைப் பணி. இதனை நம் இளங்கவிஞர்கள், அகத்தூண்டல் வரட்டும் என்று காத்திருப்போர், எண்ணிப் பார்க்கலாம்.

அவர் பாடலின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டு விலங்குகளின் பெயர்களில் ஓர் ஓசை பொதுவாக இருக்குமாயின், அவ்வோசையை மூட்டுவாயாகக் கொண்டு இரண்டையும் ஒட்டி ஒரு புதிய பெயர் செய்வார். அப்பெயருக்குரிய உடலையும் ஓவியமாக வரைந்துவிடுவார். வாத்தும் முள்ளம்பன்றியும் இவ்வாறு ஒன்றாயின. கொக்கும் ஆமையும் ஒன்றாயின. மொழிபெயர்த்தால் இம்மூட்டுவாய் அறுந்துபோகும். ஆதலின் ஒரு நாள் இளங்கலை வகுப்பில் புணர்ச்சி விதி நடத்தும்போது இம்முறையைத் தமிழிலேயே செய்து பார்த்தேன். கரும்பலகையில் கொக்கு, குரங்கு என்று எழுதி, இரண்டையும் சேர்த்துக் ‘கொக்குரங்கு’ என்றேன். ஆமையும் மைனாவும் சேர்ந்து ‘ஆமைனா’ ஆயின. வகுப்பு விழித்துக்கொண்டது. கொக்கும் குரங்கும் என விரிந்தால் உம்மைத்தொகை, வலி மிகாது என்றார் ஒரு மாணவர். கொக்காகிய குரங்கு எனக் கொண்டால் இருபெயரொட்டு, அப்போது வலி மிகுந்து ‘கொக்குக்குரங்கு’ ஆகவேண்டுமே என்றார் மற்றொருவர். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றனுள் இது கெடுதல்தான் என்று முன்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. கடைசி இருக்கையில் வழக்கமாகத் துயிலும் மாணவர் எழுந்து, “ஐயா, அது மீன் தின்னுமா, பழம் தின்னுமா?” என்று கேட்டார். பதினைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் நன்னூல் வகுப்பில் மணி அடித்த பிறகும் மாணவர் அமர்ந்திருக்க நான் கண்டது அன்றுதான்.

சுகுமாரின் உலகம் வெறும் ஒலி விளையாட்டோடு நிற்பதன்று. அலுவலகத்துப் பெரிய எழுத்தர் ஒருவர் நல்ல பகலில் திடீரெனத் தம் மீசை களவு போயிற்று என்று அலறுகிறார். கண்ணாடியைக் காட்டினாலும் நம்பவில்லை. இந்த இழிந்த மீசை தம்முடையது அன்று என்கிறார். பதவி மிடுக்கு முழுவதையும் மேலுதட்டில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவரின் நிலை அது. மற்றொரு பாட்டில், ஒரு நாட்டின் சட்டங்கள் சொல்லப்படுகின்றன. அங்கே வழுக்கி விழுந்தவனைக் காவலர் பிடித்துச் செல்வர். அபராதம் 21 ரூபாய். தும்முவதற்கும் சீட்டு வாங்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் கல்கத்தாவில் அமர்ந்து இதனை எழுதியவர் யாரைச் சொல்கிறார் என்பது பெரியவர்களுக்குப் புரிந்தது. குழந்தைகளுக்குத் தும்மல் மட்டும் போதுமாயிருந்தது. பெண்ணைப் பெற்றவரிடம் ஒருவன் மாப்பிள்ளையைப் புகழ்வதுபோல் தொடங்கி, அவன் குறைகளை ஒவ்வொன்றாக அடுக்கும் பாட்டு ஒன்றும் உண்டு. நிக்காஹ் பேசி முடிக்கும் நம் பெரியவர்கள் படித்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள்; சிரித்தபின் சற்று மௌனமாவார்கள்.

சிற்றப்பா கண்டுபிடித்த பொறி என்று இன்னொன்று. தோளில் ஒரு சட்டம் மாட்டி, மூக்கிற்கு முன்னே பிடித்த தின்பண்டத்தைத் தொங்கவிட்டால், அதைக் கவ்வ விரையும் ஆசையில் ஐந்து மணி நேர வழியை ஒன்றரை மணியில் கடந்துவிடலாம் என்பது கண்டுபிடிப்பு. நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட இப்பாட்டைப் படிக்குந்தோறும் மதிப்பெண்ணை மூக்கின்முன் தொங்கவிட்டுப் பிள்ளைகளை ஓட்டும் நம் பள்ளிகள் நினைவுக்கு வருகின்றன. ஓட்டுவோருள் நானும் ஒருவன்.

‘ஹஜபரல’ என்னும் உரைநடைக் கதையில் கைக்குட்டை பூனையாகிறது, காக்கை கணக்கெழுதுகிறது, நீதிமன்றம் ஒன்று கூடிக் கலைகிறது. ஆலிசின் அற்புத உலகம் சுகுமாருக்கு ஊக்கம் தந்தது என்பது வெளிப்படை. ஆனால் அந்தக் காக்கையும் அந்த வழக்காடு மன்றமும் முழுக்க வங்க மண்ணின் விளைச்சல். அக்கதையில் வரும் மனிதர்கள் நாற்பது வயதை எட்டியதும் வயதைத் திருப்பிவிடுகிறார்கள். பிறகு முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்குமுகம். நாற்பதைத் தாண்டிவிட்ட எனக்கு இவ்வழக்கம் நம் ஊரில் இல்லாதது பெருங்குறை.

இனி ஓர் ஐயத்துக்கு விடை கூறியாக வேண்டும். இக்கட்டுரையைப் படிக்கும் சமுதாயப் பெரியோர் சிலர், நீதி ஒன்றும் கூறாத பாட்டால் பிள்ளைக்கு என்ன பயன் என்று வினவக்கூடும். அவ்வினாவை நான் எள்ளவில்லை. ஈராண்டுப் படிப்புக்குப் பின் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று கவலைப்படும் பெற்றோர் நிறைந்த சமுதாயம் நம்முடையது. ஆனால் நம் மரபு என்ன கூறுகிறது? தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையைத்தான் முதலில் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களாக அவர் கூறும் நான்கில் இளமையும் ஒன்று, பேதைமையும் ஒன்று. குழந்தைமையே நகைக்கு ஊற்று என்று கண்ட மொழி நம்முடையது. நாயகத்தின் பணியாளர் அனஸ் (ரலி) அவர்களின் இளைய தம்பி அபூ உமைர் தம் சின்னஞ்சிறு பறவையை இழந்து வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘உமைர்’ என்ற பெயரோடு ‘நுகைர்’ என்ற பறவைப் பெயர் இயைந்து ஒலிக்க அச்சிறுவரிடம் வினவினார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. குழந்தையின் துயரைத் தொட ஓர் இயைபுத் தொடை அங்கே போதுமானதாயிற்று. அதில் பாடம் நடத்தப்படவில்லை.

தமிழில் பிள்ளைத்தமிழ் நூல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நம் இசுலாமியப் புலவர்களும் பலவாகப் பாடியுள்ளனர். அவை பிள்ளையைப் பாடின, பிள்ளைக்குப் பாடவில்லை. பாரதியார் 1915இல் பாப்பாவுக்குப் பாடினார். அது நாட்டுக்கு வேண்டிய அறிவுரை. கவிமணி குழந்தையின் குரலுக்குத் தம் தமிழை வளைத்துக் கொடுத்தார். வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காக வாழ்நாள் முழுதும் எழுதியவர் அழ. வள்ளியப்பா, 1989இல் அவர் மறையும் வரை அப்பணி ஓயவில்லை. அவருடைய பாடல்களில் இயல்பான நகை உண்டு. எனினும் பின்வந்தோர் பலரிடம் பாட்டின் இறுதியில் ஓர் ஆசிரியர் பிரம்போடு வந்து நிற்பதைக் காண்கிறோம். பூனை வரும், எலி வரும், குழந்தை சிரிக்கத் தொடங்கும். உடனே ‘ஆகையால் பொய் சொல்லாதே’ என்பது போல ஒன்று வந்து விழும். குழந்தை அடுத்த முறை பூனையைக் கண்டாலே எச்சரிக்கையாகிவிடுகிறது.

ஏட்டில் இல்லாத நகை வீட்டில் இருந்தது. என் நன்னி எழுத்தறியாதவர். எங்களுக்குச் சோறூட்டும்போது நிலாவுக்கும் வீட்டுப் பூனைக்கும் சம்பந்தம் பேசுவார். சீர்வரிசைக்குச் சுரைக்காயை அனுப்புவார். முந்தாநாள் பாடியது மறுநாள் வேறாக வரும். பொருள் கேட்டால், “பொருளு கெடக்குது, வாயத் தொற” என்பார். வங்கத்திலும் இத்தகைய வாய்மொழிப் பாடல்கள் உண்டு. அவற்றின் துள்ளல் நடையைத்தான் சுகுமார் எடுத்துத் தம் பாடல்களுக்கு ஓசையாக்கினார். நன்னியின் பாடல்களில் ஒன்றைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. தமிழ் பயின்று பட்டம் பெற்றேன். அந்தக் காலத்தில் அவை இலக்கியம் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. நன்னி மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

சுகுமாரின் இறுதி நாள்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. 1921இல் மகன் சத்யஜித் பிறந்த அதே ஆண்டில் அவரைக் காலா ஆசார் என்னும் கொடுங்காய்ச்சல் பற்றியது. மணல் ஈக்களால் பரவும் நோய் அது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி உடல் கருகி மெலியும். அதற்குரிய யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை அதே கல்கத்தாவில் மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அந்த ஆண்டுகளிலேயே உருவாக்கிக்கொண்டிருந்தார். அது பரவலாகப் பயனுக்கு வருவதற்குள் சுகுமாரின் காலம் முடிந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டு படுக்கையில் இருந்தார். இருந்தும் எழுதினார், வரைந்தார், இதழை நடத்தினார். தம் பாடல்களை முதன்முதலாக நூலாக்கும் வேலையில் இறங்கினார். ‘ஆபோல் தாபோல்’ என்பது நூலின் பெயர். பொருளற்ற பிதற்றல் என்பது பொருள். முகப்போவியம், பக்க அமைப்பு எல்லாம் அவர் கையால் ஆயின. முன்னுரையில், இது கயால் ரசத்தின் நூல் என்றும், அச்சுவையை நுகர மாட்டாதவர்க்கு இது உரியதன்று என்றும் கருத்துப்பட எழுதினார். கயால் என்பது அரபிச் சொல் என்பதையும் மனத்தில் எழும் கற்பனைத் தோற்றத்தைக் குறிக்கும் என்பதையும் நம் அரபித்துறை நண்பர்கள் உடனே அறிவர். ஒன்பான் சுவை என்று வகுத்த நாட்டில் பத்தாவதாக ஒரு சுவையை ஒரு நோயாளி படுக்கையிலிருந்து சேர்த்தார்.

1923 ஆகஸ்டு இறுதியில் தாகூர் அவரைக் காண வந்தார். சுகுமார் விரும்பிக் கேட்ட பாடல்களைப் படுக்கையருகே அமர்ந்து பாடினார். செப்டம்பர் 10ஆம் நாள் சுகுமார் காலமானார். அகவை முப்பத்தைந்து. நூல் வெளிவந்தது செப்டம்பர் 19ஆம் நாள். ஒன்பது நாள் இடைவெளி. தம் முதற் கவிதை நூலை அவர் அச்சில் முழுமையாகக் கண்டதில்லை. அந்நூலின் கடைசிப் பாட்டு நோய்ப்படுக்கையில் எழுந்தது. அதில் வேடிக்கை குறையவில்லை. ஆனால் வேடிக்கைக்கு நடுவே உறக்கம் வந்து கவிவதையும் பாட்டு முடிந்துபோவதையும் அவர் சொல்லிவிடுகிறார். குழந்தை அதைத் தாலாட்டாகக் கேட்கும். பெரியவர்க்குத் தொண்டை அடைக்கும். தம் மரணத்தைக் கூடக் குழந்தையை அச்சுறுத்தாத வகையில் எழுதி வைக்க முடிந்த ஒருவரை, குழந்தைப் பாட்டில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்ட என் வினாவின்முன் நிறுத்திப் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளில் அச்சகம் கை மாறிற்று, இதழ் நின்றது, இளம் விதவையான சுப்ரபா மகனோடு தம் உடன்பிறந்தார் வீட்டில் தஞ்சம் புகுந்தார். தந்தையை நினைவில் இருத்தும் வயதுகூட எட்டாத அம்மகன் அவர் எழுத்தின் வழியே தந்தையை அறிந்து வளர்ந்தார். 1961இல் ‘சந்தேஷ்’ இதழுக்கு மீண்டும் உயிரூட்டினார். நூற்றாண்டின்போது, 1987இல், தந்தையைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். வங்கத்தில் இன்று சிரிக்காத முகத்தோடு திரிபவரைச் சுட்டச் சுகுமார் படைத்த, சிரிப்புத் தடை செய்யப்பட்ட ஒரு விலங்கின் பெயர் வழங்குகிறது. ஒரு கவிஞன் படைத்த பெயர் மக்கள் வழக்கில் கலப்பதைவிட வேறு என்ன பரிசு வேண்டும்?

நம் பாடத்திட்டக் குழுவுக்கு என் வேண்டுகோள் சிறியது. ஆறு பருவங்களில் ஒரு பருவத்தில், ஒரு தாளில், ஓர் அலகேனும் குழந்தைப் பாடலுக்கு ஒதுக்கப்படட்டும். அதில் நீதிப் பாடல்களோடு வெறும் நகைப் பாடல்களும் இடம்பெறட்டும். மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் வீட்டுப் பெரியவர் வாயிலிருந்து ஐந்து பாடல்களையாவது எழுதிக்கொண்டு வரட்டும். செலவு ஒன்றுமில்லை, நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பாடத்தின் தரம் தாழ்ந்துவிடும் என்பார்க்கு, கொக்குரங்கை எந்தத் தொகையில் அடக்குவது என்று என் வகுப்பில் இன்னும் முடிவாகவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த மாணவி இப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பதாக அறிகிறேன். மலர் வெளிவந்ததும் ஒரு படியை அவருக்கு அனுப்ப எண்ணியுள்ளேன். அதனோடு, அந்த விலங்கு மீன் தின்னுமா, பழம் தின்னுமா என்று தம் வகுப்புக் குழந்தைகளிடம் கேட்டு எழுதுமாறு ஒரு துண்டுத்தாளும் வைப்பேன்.